சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டைக் குறை சொல்லலாமா?



பருப்பு விலை, லாரி வாடகை, ஜி.எஸ்.டி. என்று இந்தப் பக்கத்தில் எழுதி வந்த நாம், இந்த மாதம் கிரிப்டோ வாலட்டைப் பற்றி எழுத வந்திருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். "அண்ணாச்சிக்கு வயதான காலத்தில் ஏன் இந்த வேலை?" என்று கேட்கவும் கூடும். காரணம் இருக்கிறது. சென்ற ஆடி மாதம் எங்கள் மண்டியிலேயே, எங்கள் கண் முன்னாலேயே, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் இந்த வழியில் பறிபோனது. கல்லாவை யாரும் உடைக்கவில்லை. கோணிப்பை ஒன்றுகூட நகரவில்லை.

எங்கள் தம்பி மகன் பி.காம். படித்தவன். மண்டிக் கணக்கு முழுவதும் அவன் பொறுப்பு. காலணா தவறாது. மூன்று வருடமாகத் தன் சம்பளத்தில் மாதம் கொஞ்சம் ஒதுக்கி இந்த நாணயத்தை வாங்கிச் சேர்த்து வந்தான். பழைய குட்டி யானை வண்டி ஒன்று வாங்கி, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குச் சொந்தமாக லைன் போட வேண்டும் என்பது அவன் எண்ணம். எங்களுக்கு இது தெரியாது. ஆடி மாதம் வியாபாரம் மந்தம். செல்போன் உடைந்து புதுப்போன் வாங்கினான். அதில் வாலட்டை மறுபடி ஏற்றியபோது இருப்பில் ஒரு பகுதி திரையில் தெரியவில்லை. பயந்துபோய், அந்த நாணயக்காரர்கள் பலர் கூடியிருக்கும் ஒரு டெலிகிராம் குழுவில் கேட்டிருக்கிறான். இரண்டு நிமிஷத்தில் "உதவி மையம்" என்ற பெயரில் ஒருவன் தனியாகப் பேச வந்தான். முத்திரைப் படம்கூட அசல்போலவே இருந்ததாம். "உங்கள் வாலட்டைச் சரிசெய்ய இந்தப் பக்கத்தில் உங்கள் பன்னிரண்டு சொற்களையும் பதியுங்கள்" என்றான். இவனும் பதிந்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருப்பு பூஜ்யம்.

"பெரியப்பா, அவன் கேட்டான், நான் கொடுத்துட்டேன்" என்று வந்து நின்றான். நாமும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தோம். இரவு படுத்த பிறகுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. 1989-ல் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றை ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டு, "சரக்கு வந்ததும் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஊருக்குப் போனவர்கள் நாம். அவர் இருபத்திரண்டாயிரம் எழுதிக்கொண்டார். சரக்கு வரவே இல்லை. அன்றைக்கு எங்கள் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நினைவு வந்தபின், இந்த வாலட் என்றால் என்ன, இதை எப்படித் திறப்பது, எங்கே ஏமாறுகிறார்கள் என்று அவனிடமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். நம் கடைப் பிள்ளைகளில் எத்தனை பேர் செல்போனில் இது இருக்கிறது என்று விசாரித்தால் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

நாணயம் செல்போனுக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேடு பிரதி பிரதியாக வைக்கப்பட்டிருக்கிறது. இன்ன முகவரியில் இவ்வளவு இருப்பு என்பது அந்தப் பேரேட்டில்தான் பதிவாகிறது. அந்த இருப்பை இன்னொரு முகவரிக்கு மாற்றி எழுத ஒரு ரகசியச் சாவி வேண்டும். வாலட் என்பது அந்தச் சாவியை வைத்திருக்கும் பெட்டி, அவ்வளவுதான். பெட்டி உடைந்தாலும் சாவியை மறுபடி உண்டாக்கிக்கொள்ள, பெரும்பாலான வாலட்டுகளில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தருகிறார்கள். மொத்தம் 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த சொற்கள் அவை; வரிசை மாறக் கூடாது. அந்தச் சொற்களை உலகத்தின் எந்த மூலையில் யார் எந்தப் போனில் போட்டாலும் வாலட் அவருக்குத் திறக்கும். நாம் தினமும் போடும் பின் நம்பர் நம் போனுக்கு மட்டும் காவல். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர், பின் நம்பரைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு பன்னிரண்டு சொற்களைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வங்கியில் காசோலை தொலைந்தால் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். கார்டு தொலைந்தால் முடக்கச் சொல்லலாம். இங்கே மேனேஜர் இல்லை, கிளை இல்லை, எழுத்து மூலமான புகாரை வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. பேரேட்டில் ஒருமுறை ஏறிவிட்ட பற்றை யாரும் அடித்துத் திருத்த முடியாது.

அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிடமே விட்டுவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கவும் விற்கவும் உதவும் அந்தக் கம்பெனிகளே சாவியையும் வைத்துக்கொள்கின்றன. வசதிதான். ஆனால் 2014 பிப்ரவரியில் ஜப்பானில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது சுமார் எட்டரை லட்சம் பிட்காயின்களைக் காணோம் என்றார்கள். பிறகு இரண்டு லட்சம் மட்டும் கிடைத்தது. கனடாவின் குவாட்ரிகா கதை நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. அதை நடத்தியவர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் உடல்நலம் கெட்டு இறந்துபோனார். சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும், ஆகவே பணத்தை எடுக்க வழியில்லை என்று கம்பெனி கைவிரித்தது. பின்னர் ஒன்டாரியோ மாகாணப் பங்குச் சந்தை ஆணையம் விசாரித்து, பணத்தின் பெரும் பகுதியை அவர் உயிரோடு இருக்கும்போதே மோசடியாகக் காலி செய்திருந்தார் என்று 2020-ல் அறிக்கை கொடுத்தது. நம் நாட்டிலேயே 2024 ஜூலை 18-ம் தேதி வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. கணக்கு வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் நாணயத்தைத் தொட முடியாமல் இருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் பிள்ளைகள் சாவியைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாவியோடு காவல்காரன் உத்தியோகமும் சேர்ந்து வருகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

இதை வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. கொள்முதல் பணத்தை, அதிலும் கடனுக்கு வாங்கிய சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, இதில் போடுவது புத்தியில்லாத காரியம் என்பதே நம் எண்ணம். ஆனால் ஏற்கெனவே வைத்திருக்கிறவனிடம் போய் "சூதாட்டம்" என்று உபதேசம் செய்து பயனில்லை. வைத்திருப்பதைப் பறிகொடுக்காமல் இருக்க வழி சொல்வதே பெரியவர்கள் செய்யக்கூடியது.

நாம் கேட்டறிந்தவரையில், பூட்டை உடைத்துத் திருடியவன் குறைவு. திறக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று சாவியை வாங்கிக்கொண்டவனே அதிகம். கடை திறப்பதை நினைத்துப் பாருங்கள். தினமும் அதே ஷட்டர், அதே பூட்டு, அதே கை. தெரியாத ஒருவன் வந்து "அண்ணாச்சி, சாவியைக் கொடுங்கள், நான் எண்ணெய் போட்டுத் தருகிறேன்" என்றால் கொடுப்போமா? வாலட்டையும் அந்த ஒழுங்கோடு திறந்தால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

முதல் தவறு கூகுளில் தேடுவதில் நடக்கிறது. வாலட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் மேலே வருகிற முதல் வரி காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். அசல் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அசலைப் போலவே பக்கம் கட்டி வைத்திருப்பார்கள். பிராண்டு டீத்தூள் பாக்கெட்டில் போலி பார்த்த நமக்கு இது புதிதல்ல. ஆப் கடைகளிலும் போலி வாலட்டுகள் நுழைந்து பின்னால் நீக்கப்பட்டதுண்டு. ஆகவே வாலட் செய்த கம்பெனியின் சொந்தப் பக்கத்தை ஒருமுறை நன்றாகச் சரிபார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பிலிருந்தே எப்போதும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சுட்டி, மெயிலில் வந்த சுட்டி, நண்பன் அனுப்பியதே ஆனாலும், அதைத் தொட்டு வாலட்டைத் திறக்கக் கூடாது.

அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான்: நம்முடைய புதுப்போனில், நாமே இறக்கிய அசல் ஆப்பில், வாலட்டை மறுபடி உண்டாக்கும்போது. வேறு எந்தப் பக்கம் கேட்டாலும் அது திருட்டுப் பக்கம். அசல் உதவி மையம் எதுவும் அந்தச் சொற்களைக் கேட்காது. அவர்களுக்கு அது தேவையே இல்லை. எங்கள் பையனுக்குத் தெரியாமல் போன இருப்பும் எங்கும் போய்விடவில்லை. புதுப்போனில் அந்த நாணயத்தின் பெயரை ஆப்பில் சேர்த்திருந்தால் தானாகத் தெரிந்திருக்கும். கால் மணி நேரம் பொறுத்திருந்தால் குட்டி யானை வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்.

கடைக்குப் பொதுவாக ஒரு போன் வைத்திருப்போம்; ஆர்டர் எடுக்க, ஜி-பே பார்க்க, பையன்கள் பாட்டுக் கேட்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் வாலட் வேண்டாம். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலும் வேண்டாம். நம் போன் திரையைத் தூரத்திலிருந்து ஒருவன் பார்க்கும்படியும் இயக்கும்படியும் செய்கிற எனிடெஸ்க் போன்ற ஆப்புகள் இருக்கின்றன. பில் சாஃப்ட்வேர் சரிசெய்ய வருகிறவர்கள் அதைப் போடச் சொல்வார்கள். அந்த ஆப் உள்ள போனில் வாலட்டைத் திறப்பது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பணம் எண்ணுவதற்குச் சமம்.

பணம் அனுப்பும்போது இன்னொரு வலை. முகவரி என்பது நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த கோவை. முழுதும் படிக்கச் சோம்பல்பட்டு முதல் நாலும் கடைசி நாலும் பார்ப்பது வழக்கம். இதைத் தெரிந்துகொண்டு, நாம் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முன்னும் பின்னும் ஒத்திருக்கிற போலி முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து ஒரு சல்லிக்காசை நமக்கு அனுப்பி வைக்கிறார்கள். அது நம் பழைய வரவுசெலவுப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தமுறை பட்டியலிலிருந்து நகல் எடுத்தால் போலியைத்தான் எடுப்போம். 2024 மே மாதம் ஒருவர் இப்படிச் சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலரைத் தவறிய முகவரிக்கு அனுப்பிவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, எடுத்தவன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நமக்கு அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. முகவரியை முழுதும் படியுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று போனில் குரலைக் கேட்டு உறுதிசெய்த பிறகு மீதியை அனுப்புங்கள். புதுப் பார்ட்டிக்கு முதல் லோடு பாதி லாரிதானே அனுப்புகிறோம்?

"சம்மதம்" என்ற பொத்தானைப் பற்றி இரண்டு வார்த்தை. சில பக்கங்கள் சொற்களைக் கேட்காது. வாலட்டை இணைக்கச் சொல்லி, இலவச நாணயம் தருகிறோம் என்று ஒரு சம்மதம் மட்டும் கேட்கும். அதில் கையெழுத்திட்டால் நம் இருப்பை அவன் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகிவிடும். 1989-ன் வெற்றுக் காசோலை இதுதான். நம்மைப் போன்ற சிறியவர்கள்தான் ஏமாறுகிறோம் என்று எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற மிகப்பெரிய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் ஒரே நாளில் போயிற்று. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் முறைப்படி போட்டார்கள். ஆனால் அவர்கள் திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று. திரையைத் திருடர்கள் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தார்கள்.

இதற்காகவே சிறு கருவி ஒன்று விற்கிறார்கள். பென் டிரைவ் அளவுதான். சாவி அதற்குள்ளேயே இருக்கும், வெளியே வராது; அனுப்பும் தொகையும் முகவரியும் அதன் சொந்தத் திரையில் தெரியும். கணிசமாக வைத்திருப்பவர்கள் வாங்கலாம். ஆனால் கம்பெனியிடமே வாங்க வேண்டும். பழையது வேண்டாம். பெட்டியைப் பிரித்ததும் சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்டு இருந்தால் அது பொறி, தொடாதீர்கள். பிரான்ஸ் நாட்டு லெட்ஜர் கம்பெனி இந்தக் கருவியைச் செய்வதில் பெயர் பெற்றது. 2020-ல் அவர்களிடம் வாங்கிய சுமார் 2,70,000 பேருடைய பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வெளியே கசிந்துவிட்டது. அடுத்த ஆண்டு சிலருடைய வீட்டுக்குத் தபாலிலேயே போலிக் கருவி வந்தது, "பழையதை மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற கடிதத்தோடு! கருவி நல்லதுதான், கடிதத்தை நம்பியவனுக்கு அது என்ன செய்யும்?

இனி அந்தக் காகிதம். சொற்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, மெயிலில் வைக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளவும் கூடாது. போனில் உள்ள படம் நமக்குத் தெரியாமலே வேறெங்கோ பிரதியாகிக்கொண்டிருக்கும். நல்ல தாளில் பேனாவால் எழுதுங்கள். பில் மிஷின் தாள் கைக்கு எட்டும் என்று அதில் எழுதிவிடாதீர்கள், சூட்டில் கறுத்துப்போகும். கரையானுக்கும் மழைக்கும் பயந்து எவர்சில்வர் தகட்டில் எழுத்தைப் பொறித்து வைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனை. ஆனால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய் நீட்டிவிட வேண்டாம், வீட்டிலேயே நாமே செய்துகொள்ள வேண்டும். ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று பிரித்து வைப்பதை எங்கள் பையன் கெட்டிக்காரத்தனம் என்றான். நாம் ஒப்பவில்லை. ஒரு பாதி போனால் எல்லாம் போயிற்று. முழுப் பிரதி இரண்டு, இரண்டு வெவ்வேறு கட்டிடங்களில், பூட்டிய பெட்டியில் இருப்பது மேல். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் என்ற ஊர்க்காரர் ஒருவருடைய சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயின். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகராட்சியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது.

வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். கைமாற்றுக் கணக்கைச் சிட்டையில் எழுதி மடியில் வைத்துக்கொண்டு, திடீரென்று கண்ணை மூடிய பெரியவர்கள் எத்தனை பேர்! யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டை இந்தக் கடைத்தெரு பார்த்திருக்கிறது. அந்தப் பாக்கியாவது, மனசாட்சி உள்ளவர்கள் தாமாக வந்து கொடுத்ததுண்டு. இது அப்படி வராது. சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒன்று இருக்கிறது, காகிதம் இந்த இடத்தில் இருக்கிறது, அவசரப்பட்டு யாரிடமும் காட்டாதே என்று மனைவியிடமோ மகனிடமோ சொல்லி வைத்தால் போதும். வெளியே மட்டும் மூச்சு விடக் கூடாது. டீக்கடையில் இருப்பைச் சொல்லிப் பெருமை பேசுகிறவன் திருடனுக்கு வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுக்கிறான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். இது ரூபாயைப் போலச் சட்டப்படியான பணம் அல்ல. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனையில் 1 சதவீதம் முன்பிடித்தம். சொந்த வாலட்டில் இருந்தாலும் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், இது பணம் அல்ல என்றாலும் சொத்து என்றே கருத வேண்டும் என்று ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. எங்கள் பையன் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தான். வங்கிப் பணம் என்றால் விரைந்து சொன்னால் வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. இதில் நிறுத்திவைக்க நடுவில் வங்கி இல்லை. ஆனாலும் புகார் கொடுப்பது நல்லது. அந்தத் திருட்டு நாணயம் என்றைக்காவது ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு விற்பனைக்கு வந்தால் அங்கே பிடிக்க முடியும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் இவற்றுக்கெல்லாம் கூட்டம் போட்டு விளக்கினோம். அதுபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்க வேண்டும். பெரியவர்கள் தங்கள் கடைப் பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும். பேச்சாளருக்காக வெளியூர் போக வேண்டாம். முதலில் வெட்கப்பட்டான் என்றாலும், எங்கள் தம்பி மகன் வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்தப் போலி உதவி மையக்காரன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறான். எப்படிப் பேசினான் என்பதை எல்லோருக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டுவதாகச் சொல்கிறான். செயலாளர் தேதி குறித்துச் சொன்னால் போதும், மண்டியை அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே சாத்திவிட்டு வந்துவிடுகிறோம்.